பயிற்சிக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒரு செமி ஒட்டோ றைபிள்: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது

ஒருநாள் விடிய ஐந்து மணி இருக்கும், கோண்டாவிலில் சேவல்கூட இன்னும் சரியாக எழும்பவில்லை, டெக்சாசிலிருந்து அக்காவின் மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டில் விரிப்பின் மேல் புத்தம் புதிய ஏஆர்-15 (விசையை ஒருதரம் அழுத்த ஒரு ரவை சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஒட்டோ றைபிள்), அதன் முதுகில் நிலாவில் குழி எண்ணுகிற அளவுக்கு ஒரு ஸ்கோப், பக்கத்தில் இருபது ரவை உள்ள ஒரேயொரு பெட்டி. "மாமா, எப்படி இருக்கு?" பூட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டேன். அது இனித்தான். காதுக்கு? அதுவும் இனித்தான். இதுவரை எத்தனை தரம் சுட்டிருக்கிறாய் என்று கேட்டேன், நீலக் கோடு இரண்டு விழுந்ததோடு சரி, பதில் வரவில்லை.

நான் ஊருக்குத் திரும்ப முன் ஹூஸ்டன் பக்கம் ஒரு சுடுதளத்தில் 11 வருடம் பாதுகாப்பு அலுவலராக நின்றவன். முதல் றைபிளோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் என் மருமகனைப் போலத்தான் வந்தார்கள். பிழையான துவக்கு வாங்கியவர்கள் குறைவு. வாங்கிய ஒழுங்குதான் பிழை. றைபிள் முதல், ஸ்கோப் இரண்டாவது, பாடம் கடைசி. இங்கே அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன், றைபிளைத் தெரிவு செய்வது ஆறாவது படியில்தான் தொடங்கும். அதுவரை பொறுமையாக வாசியுங்கள்.

1. முதலில் நாடு, அடுத்தது கடவுச்சீட்டு

எங்கள் சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கனடாவில் இருக்கும் மச்சான் அமெரிக்காக்காரரின் யூரியூப்பைப் பார்த்து ஆசைப்படுவதில் பிரயோசனம் இல்லை.

இலங்கையில் இது கதையே இல்லை. பயிர்க் காவலுக்கு வைத்திருக்கிற துவக்குக்கே சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டும், செமி ஒட்டோ றைபிளைச் சாதாரண ஆள் கடையில் வாங்க வழியில்லை. கிணறு தோண்டும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ பழையது ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். கறள் பிடித்த ரவையும் வெடிக்கும்.

கனடாவில் 2020 மே மாதம் ஏஆர்-15 உட்படச் சுமார் 1,500 மாதிரிகள் தடை செய்யப்பட்டன, 2024 டிசம்பரில் இன்னும் பல சேர்ந்தன. மிஞ்சியிருக்கிற சென்டர்பயர் (கோதின் அடி நடுவில் தட்டி வெடிக்கும் ரவை) செமி ஒட்டோவுக்கும் ரவைக்கூட்டில் (மகசின்) ஐந்து ரவைதான். முதலில் பாதுகாப்புப் பாடநெறி, பிறகு உரிமம், முதல் தரம் விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. உரிமம் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் காவல் என்ற கதையை அங்கே எடுக்காதீர்கள்.

பிரித்தானியாவில் 1988 இலிருந்து .22 ரிம்பயர் (கோதின் விளிம்பில் தட்டி வெடிக்கும் சின்ன ரவை) தவிர்ந்த செமி ஒட்டோ றைபிள் கிடையாது. அவுஸ்திரேலியாவில் 1996 இலிருந்து சாதாரண ஆளுக்குக் கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது. சுவிசில் இருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: அங்குள்ள ஆயுத ஒழுங்குவிதி சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாதென்று பட்டியல் போட்டிருக்கிறது, அதில் இலங்கையும் ஒன்று. சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. ஊர்க் கடவுச்சீட்டோடு இருப்பவர் உள்ளூர் சுடுநர் சங்கத்தில் சேரப் போக முன் கன்டோன் (மாகாண) ஆயுத அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாசில் வாங்குவதை கலிபோர்னியா, நியூயோர்க், நியூஜேர்சி, இலினோய், வாஷிங்டன் மாநிலங்களில் அப்படியே வாங்க முடியாது. அதைவிட முக்கியமானது விசா. மாணவர் விசா, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துவக்கையோ ரவையையோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். செல்லுபடியான வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதையும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இது பொருந்தும் என்பதால்தான் இந்தப் படி மூன்றாவது படிக்கு முன்னால் நிற்கிறது. கிரீன் கார்ட் இருந்தால் வாங்கலாம்.

"அப்ப அத்தான்ர பேரில வாங்குவம்" என்ற யோசனை வரும். அதை அங்கேயே விட்டுவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவம் உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று நேராகவே கேட்கிறது. உங்கள் காசில் அத்தான் வாங்கினால் அத்தானும் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். கஞ்சா பாவிப்பு பற்றிய கேள்வியும் அதில் இருக்கிறது, மாநிலம் அனுமதித்தாலும் படிவம் மத்திய அரசுடையது.

இதற்குப் பிறகு வருவதெல்லாம் சட்டப்படி வாங்கக்கூடிய இடத்தில், பெரும்பாலும் அமெரிக்காவில், இருப்பவர்களுக்கு.

2. எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள்

தாளில் எழுதுங்கள், மனதுக்குள் வேண்டாம். "மாதம் இரண்டு ஞாயிறு 50 யார் (yard) தூரத்தில் சுடுவேன், வீட்டில் நானும் மனைவியும் கையாள வேண்டும்." இப்படி ஒரு வரி போதும். மனைவியும் கையாள வேண்டும் என்று எழுதினவுடனே பாரமும் பிடங்கின் (தோளில் வைக்கும் பின்பகுதி) நீளமும் தீர்மானமாகிவிடும், வீட்டுக்குள் என்று எழுதினவுடனே அந்தப் பெரிய ஸ்கோப் அடிபட்டுப்போகும்.

பயிற்சிக்கு வேண்டியது மலிவான ரவை, மெல்லிய உதை, நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் நோகாத துவக்கு. காவலுக்கு வேண்டியது அழுத்தும் ஒவ்வொரு தரமும் வேலை செய்யும் துவக்கு, இருட்டில் யாரென்று அடையாளம் காண ஒரு விளக்கு. இரண்டையும் ஒன்றிலேயே எடுக்கலாம், ஆனால் காசு இருந்தால் .22 ஒன்றைப் பயிற்சிக்கு வாங்கி ஒரு வருடம் கழித்துப் பெரியதை வாங்குங்கள் என்பதுதான் என் எண்ணம். அப்படிச் செய்த ஒருவர்கூடப் பிறகு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

காவலென்று எழுதினால் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள்: சத்தம் கேட்டால் பிள்ளைகளை எந்த அறைக்குக் கொண்டுபோவது, யார் 911க்கு அடிப்பது. துவக்கோடு வீடு முழுக்கத் தேடித் திரிவது திட்டம் அல்ல. இரவு வேலை முடிந்து வந்த மகனோ, தண்ணீர் குடிக்க எழும்பிய மாமியோ குறுக்கே வரலாம். எப்போது சுடச் சட்டம் இடம் கொடுக்கும் என்பதை உங்கள் மாநில வகுப்பில் காசு கட்டிப் படியுங்கள், நண்பர்களிடம் கேட்டுப் படிக்காதீர்கள்.

3. வாங்க முன் பத்து மணித்தியாலமாவது சுடுங்கள்

வாடகைக்குத் துவக்குத் தரும் சுடுதளம் ஒன்றுக்குப் போய், ஒரு பயிற்றுநரோடு, .22 இல் தொடங்குங்கள். கடையில் நின்று தூக்கிப் பார்ப்பது சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவு பார்ப்பது போல.

நான்கு விதி, இதை அங்கே முதல் நிமிடத்தில் சொல்வார்கள். எந்தத் துவக்கும் ரவை ஏற்றியது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல் வாயைத் திருப்பாதே. குறி பார்த்துத் தீர்மானிக்கும்வரை விரல் விசையில் இல்லை. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். நான் கண்டபடி புதியவர்கள் மீறுவது இரண்டாவது விதியைத்தான், அதுவும் எப்படியென்றால், நல்ல குறி விழுந்த சந்தோசத்தில் "பாத்தியளோ!" என்று திரும்புவார்கள், துவக்கும் கூடவே திரும்பும். அதற்காகவே நான் எப்போதும் அவர்களின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நிற்பேன்.

காதுக்கு இரண்டு பாதுகாப்பு: உள்ளே நுரை (foam) அடைப்பான், மேலே மூடி. ஏஆர்-15 வழமையாகச் சுடும் 5.56 ரவையின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், 140 இலேயே காது நிரந்தரமாகப் பழுதாகலாம். மூடிய சுடுதளத்தில் ஒன்று போதாது. கண்ணாடி கட்டாயம். வெற்றுக்கோது சுடச்சுடக் கழுத்துக்குள் விழும், அகன்ற கழுத்துச் சட்டையோடு போக வேண்டாம்.

முதல் நாளே எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையில் சின்ன முக்கோணம் செய்து, தூரத்துச் சுவர்க் கடிகாரத்தை அதற்குள் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் ஓடிப் போனால் மூடின கண்தான் ஆளும் கண். வலக்கை ஆளுக்கு இடக்கண் ஆண்டால் எந்தப் பக்கத் தோளில் பழகுவது என்று இப்போதே முடிவெடுக்கலாம். சேப்டி (தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் சுவிச்சு) எந்தப் பக்கம் வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது.

அப்புறம் ஒரு சின்ன வேலை. பயிற்றுநரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் வெடிக்காத பொய் ரவை ஒன்றை இடையில் போடச் சொல்லுங்கள். அது வரும்போது விசையை அழுத்துவீர்கள், வெடிக்காது, ஆனால் குழல் வாய் தன்பாட்டில் ஓரங்குலம் கீழே குனியும். அதுதான் பயம். எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. குனிவு நிற்கும்வரை பெரிய ரவைக்குப் போக வேண்டாம், ஏனென்றால் பிறகு குறி தவறும்போது துவக்கில் பிழையா கையில் பிழையா என்று கண்டுபிடிக்க முடியாது.

4. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் துவக்கு

பூட்டும் பெட்டி சுவரில் போல்ட் அடித்துப் பூட்டியபடி இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பெறுமதியானது எல்லாம் அலுமாரிக்கு மேலேயும் கட்டிலுக்குக் கீழேயும்தான் போகும், அந்த இரண்டு இடத்தையும் பிள்ளைகள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். பிள்ளைக்குத் தெரியாத இடம் என்று ஒன்று வீட்டில் கிடையாது.

காவலுக்கு வைத்திருப்பதென்றால் இலக்கம் அழுத்தித் திறக்கும் வேகப் பெட்டி எடுங்கள், பற்றரி செத்தால் திறக்கிற சாவியை வேறிடத்தில் வையுங்கள். பெட்டிக்குள்ளே சாவியை வைத்துப் பூட்டியவரையும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு மட்டும் என்றால் ரவை வேறு, துவக்கு வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வந்தால் துவக்கை வீட்டுக்கு வெளியே, சட்டப்படி வைக்கக்கூடிய இடத்தில் வைத்துவிடுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை.

5. காசைப் பிரியுங்கள்

2,000 டொலர் இருக்கிறதென்று வைப்போம். புதியவர் 1,600 டொலருக்கு றைபிளும் மீதிக்கு ஸ்கோப்பும் வாங்குவார். நான் பிரிக்கும் விதம்: றைபிள் 800, பெட்டி 200, குறிகாட்டி (குறி பார்க்கும் கருவி), விளக்கு, வார் (தோளில் மாட்டும் பட்டி) மூன்றுக்கும் 400, காது, கண், ரவைக்கூடுகள் 100, வகுப்பும் ரவையும் 500. கடைசிக் கணக்கைக் குறைக்கவே கூடாது. .223 ரவை ஒன்று அரை டொலர் பக்கம் போகும், வகுப்புக்கு 200 கொடுத்தால் மீதி 300க்கு 600 ரவை வரும், அதில் பாதி பன்னிரண்டாவது படிக்கே போய்விடும்.

(மருமகன் ஒருநாள் ஸ்பீக்கரில் "ரவை முடிஞ்சுபோச்சு மாமா, விலை ஏறிக் கிடக்கு" என்று சொல்ல, பக்கத்தில் இருந்த அம்மா "இஞ்சயும் அதேதான், கிலோ என்ன விலை விக்குது" என்றா. அவவுக்கு உப்புமா ரவை. நாங்கள் திருத்தவில்லை.)

6. ரவை அளவைத் தீர்மானியுங்கள், மாதிரி அதன்படி வரும்

பயிற்சிக்கு .22 எல்ஆர். உதை இல்லை, சத்தம் குறைவு, ஒரு .223 இன் விலைக்கு ஐந்தாறு சுடலாம். ரூகர் 10/22 போன்ற ஒன்று போதும், 1964 இலிருந்து வரும் மாதிரி என்பதால் உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். குறை ஒன்று உண்டு: ரிம்பயர் ரவை இடைக்கிடை வெடிக்காமல் போகும். அதனால் காவலுக்கு இதை முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் ஒன்றே என்றால் 5.56. இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். .223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் 5.56 க்கு அழுத்தம் கூட, அதன் சேம்பரின் (குழலில் ரவை உட்காரும் அறை) முன்பகுதியும் கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டிருக்கும். 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 போட வேண்டாம். .223 வைல்ட் என்று பொறித்திருந்தால் இரண்டும் போகும். பெட்டியில் எழுதியதை அல்ல, குழலின் மேல் பொறித்ததை வாசியுங்கள்.

7.62x39 உம் நல்ல ரவைதான், ஆனால் உதை கூட, புதியவருக்கு இரண்டாவது துவக்காக இருக்கட்டும். .308 வீட்டுக்குள் தேவையே இல்லை.

சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் நாங்கள் கல்வீட்டில் வளர்ந்தவர்கள், சுவர் என்றால் ஆணி அடிக்கவே டிரில் வேண்டும், அந்த நினைப்பிலேயே அங்கேயும் இருப்போம். அமெரிக்க வீட்டின் உட்சுவர் இரண்டு ஜிப்சம் பலகை, நடுவில் வெறும் காற்று. எந்த ரவையும் அதைத் தாண்டிப் பிள்ளையின் அறைக்குப் போகும். மெல்லிய, வேகமான, உடைந்து சிதறும் .223 குண்டு சில கைத்துப்பாக்கி ரவைகளைவிடக் கெதியாக வேகத்தை இழக்கும் என்பது உண்மைதான், அதற்காக நிற்கும் என்று நினைக்காதீர்கள். வீட்டு வரைபடத்தை எடுத்து, நீங்கள் நிற்கும் மூலையிலிருந்து எந்தக் கோட்டில் ஆட்கள் படுக்கவில்லை என்று பென்சிலால் கீறிப் பாருங்கள். அப்படி ஒரு கோடும் கிடைக்காவிட்டால், அடுக்குமாடியில் பெரும்பாலும் கிடைக்காது, அந்த வீட்டுக்கு றைபிள் சரிவராது. கதவுக்கு நல்ல பூட்டும் எச்சரிக்கை மணியும் வாங்குங்கள்.

7. உடம்புக்கு அளவெடுங்கள்

எங்கள் ஆட்களில் பலருக்குக் கடைத் துவக்கு நீளம். பிடங்கின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, அதே கையின் சுட்டுவிரல் விசைக்குச் சிரமமின்றி எட்டுகிறதா பாருங்கள். எட்டாவிட்டால் நீளம். நீளமான பிடங்கோடு நிற்பவர் பின்பக்கம் சாய்ந்து வயிறு முன்னால் தள்ளி நிற்பார், மூன்றாவது ரவையிலேயே குதிக்கால் தூக்கும். நீட்டிக் குறுக்கும் பிடங்கு இதற்குத்தான், வீட்டில் இரண்டு பேர் கையாள்வதென்றால் அது கட்டாயம்.

பாரத்துக்கு ஒரு சோதனை. வெறும் துவக்கு மூன்று கிலோ பக்கம் வரும், விளக்கு, குறிகாட்டி, நிறைந்த ரவைக்கூடு சேர்ந்தால் நாலைத் தொடும். வெறுமையாக்கியதை இரண்டு தரம் சரிபார்த்து, பாதுகாப்பான பக்கம் நோக்கித் தோளில் வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். நாற்பது செக்கனில் முன்கை நடுங்கினால் இன்னும் இலேசானதைக் கேளுங்கள். முன்பக்கம் பாரமான தடித்த குழல் மேசையில் வைத்துச் சுடுபவருக்கு நல்லது, நின்று சுடுபவருக்கு அல்ல.

8. கடையில் கையில் எடுத்ததும்

விற்பனையாளர் வெறுமை என்று காட்டினாலும் நீங்களும் பாருங்கள்: ரவைக்கூட்டைக் கழற்றி, போல்ட்டை (சேம்பரை மூடித் திறக்கும் இரும்பு) பின்னே இழுத்துப் பூட்டி, சேம்பருக்குள் கண்ணாலும் சின்னி விரலாலும். இப்படிச் செய்வதைக் கண்டால் நல்ல கடைக்காரர் உங்களை மதிப்பார், சலித்துக்கொள்பவரின் கடையை விட்டு வெளியேறுங்கள்.

குழல் 16 அங்குலம். அமெரிக்காவில் அதற்குக் குறைந்தால் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேறு பதிவு வேண்டும், முதல் துவக்குக்கு அந்தத் தலையிடி வேண்டாம். உள்ளே குரோம் பூசியதோ நைட்ரைட் (இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) செய்ததோ எடுங்கள், இலகுவில் கறள் பிடிக்காது. குழலின் முறுக்கு (உள்ளே வெட்டிய சுருள் கோடு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது) 1:8 என்றால் 55 கிரெய்ன் (குண்டின் நிறை அளவு) தொடக்கம் 77 வரை எல்லாக் குண்டையும் நேராக அனுப்பும், 1:7 உம் சரி. வாயுக் குழாய் (சுடும்போது வரும் வாயுவைப் போல்ட்டைத் தள்ளக் கொண்டுபோவது) நடுத்தர நீளம் என்று கேளுங்கள், 16 அங்குலக் குழலில் குட்டையானதைவிட உதை மெல்லியதாக இருக்கும், பாகங்களும் குறைவாகத் தேயும்.

அடுத்ததை ஒருவரும் பார்ப்பதில்லை. போல்ட் கேரியரை (போல்ட்டைத் தாங்கி முன்பின் ஓடும் பகுதி) வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதன் முதுகில் சின்னப் பெட்டி போல ஒன்று இரண்டு திருகாணியால் பூட்டியிருக்கும், வாயு அதனூடாகத்தான் வருகிறது. திருகாணித் தலையைச் சுற்றியுள்ள இரும்பை உளியால் குத்தி நெரித்த அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும், நகம் வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அது இல்லையென்றால் திருகாணி இளகலாம், இளகினால் வாயு ஒழுகும், துவக்கு ஒவ்வொரு ரவைக்கும் நின்று நின்று வேலை செய்யும். பிடங்குக் குழாயின் அடியில் இருக்கும் வட்ட நட்டிலும் அதே குத்து அடையாளம் இருக்க வேண்டும். மலிவான துவக்குக்கும் நல்லதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த இரண்டு இடத்திலேயே தெரிந்துவிடும், வாசல் விளம்பரப் பலகையில் தெரியாது.

பிறகு, கடைக்காரரின் அனுமதியோடு, வெறுமையான துவக்கில் விசையை அழுத்தி அழுத்தியபடியே வைத்திருந்து, போல்ட்டை இழுத்து விட்டு, விரலை மெல்லத் தளர்த்துங்கள். "டிக்" என்று விசை மீள வேண்டும். சேப்டியில் போட்டு அழுத்தினால் ஒன்றும் நடக்கக் கூடாது. சேப்டியை எடுத்ததும் உள்ளே இருக்கும் சுத்தியல் தானாக விழவும் கூடாது.

பழையது வாங்கினால் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், நடுவில் கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே ஏதோ அடைபட்டுச் சுடப்பட்டிருக்கிறது, வேண்டாம். நண்பர் வீட்டில் பாகம் பாகமாகப் பொருத்திய துவக்கும் முதலாவதாக வேண்டாம், பழுதானால் யாரைக் கேட்பது?

9. ரவைக்கூடு

செமி ஒட்டோ இடையில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரவைக்கூட்டை. நல்ல பிளாஸ்டிக்கோ அலுமினியமோ, ஒரே வகையில் ஐந்தாறு வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் இலக்கம் போடுங்கள். மூன்றாம் இலக்கம் இரண்டு தரம் தகராறு செய்தால் அதைக் குப்பையில் போடலாம், இலக்கம் இல்லாவிட்டால் நல்ல துவக்கைக் கொண்டுபோய்த் திருத்தக் கொடுப்பீர்கள்.

முப்பது கொள்ளும் கூட்டில் 28 ஏற்றுங்கள். நிறைத்துவிட்டால் போல்ட் மூடியிருக்கும்போது கூடு மேலே ஏறிப் பூட்டாமல் போகலாம், முதல் ரவைக்கே கீழே விழும். உங்கள் மாநிலம் பத்து என்றால் பத்துதான்.

10. குறிகாட்டி, விளக்கு, வார்

வீட்டுக்கும் 100 யாருக்குள் பயிற்சிக்கும் உருப்பெருக்காத றெட் டொட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிகாட்டி) போதும். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கலாம் என்பதுதான் காரணம். பெரிய ஸ்கோப்பில் ஏழு மீற்றர் தூரத்து ஆள் ஒரு சட்டைப் பொத்தானாகத்தான் தெரிவார். பற்றரி போனால் பார்க்க மடிக்கும் இரும்புக் குறி ஒன்றும் இருக்கட்டும். கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் உள்ளவருக்குப் புள்ளி வால்முளைத்த நட்சத்திரம் போலத் தெரியும், காசு கொடுக்க முன் கடையில் பாருங்கள்.

காவல் துவக்குக்கு விளக்கு அலங்காரம் அல்ல. யாரென்று தெரியாமல் சுட முடியாது, அவ்வளவுதான். ஆனால் யாரென்று பார்ப்பதற்குக் கையில் தனி டோர்ச் ஒன்றும் வேண்டும், இல்லையென்றால் பூனையைத் தேடவும் துவக்கை நீட்ட வேண்டிவரும். வார், கையை விட்டுப் போனை எடுக்கவும் பிள்ளையைத் தூக்கவும். மற்றதெல்லாம், முன்பிடி, லேசர், வண்ணத் திருகாணி, ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

11. குறி பொருத்துதல்

மேசையில் மண்மூட்டை வைத்து, அதன் மேல் முன்கையை ஊன்றி, 25 யாரில் தொடங்குங்கள். நேரே 50 இல் தொடங்கினால் முதல் ரவை தாளிலேயே விழாமல் போகலாம், பிறகு எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. மூன்று ரவை சுடுங்கள், மூன்றின் நடுவை எடுங்கள், பிறகுதான் திருகுங்கள். ஒவ்வொரு ரவைக்கும் திருகுபவர் தன் கை நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார், பெட்டி முடிந்தாலும் அவர் பிடிக்க மாட்டார்.

பெரும்பாலான றெட் டொட்டில் திருகாணியின் ஒரு கிளிக் அரை எம்ஓஏ (குறியின் கோண அளவு). 100 யாரில் அது அரை அங்குலம், 50 இல் கால், 25 இல் அரைக்கால் அங்குலம். ஆக 25 யாரில் ஓரங்குலம் நகர்த்த எட்டுக் கிளிக். அம்புக்குறி காட்டுவது குண்டு விழும் இடம் போகும் திசை, புள்ளி போகும் திசை அல்ல. தாளில் ஓரளவு நடுவுக்கு வந்ததும் 50 யாருக்குப் போய் அங்கே சரியாகப் பொருத்துங்கள். 50 இல் பொருத்திய 5.56 கிட்டத்தட்ட 200 யாரில் மறுபடி அதே கோட்டில் வரும், இடையில் ஏற்றமும் இறக்கமும் ஓரிரண்டு அங்குலம்தான்.

இப்போது ஏழு யாருக்கு வந்து ஒன்று சுடுங்கள். குறி வைத்த இடத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே விழும். எல்லாரும் இந்த இடத்தில் "குறி பிழைச்சுப்போச்சு" என்று திருகாணியில் கை வைப்பார்கள். வைக்க வேண்டாம். உங்கள் கண் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது, குண்டு இன்னும் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. வீட்டுக்குள் இருக்கும் தூரமே இதுதான் என்பதால், அறைத் தூரத்தில் எவ்வளவு மேலே பிடிப்பது என்று ஒரு கூடு முழுக்கச் செலவழித்துப் பழகுங்கள்.

12. நம்ப முன் 300 ரவை

புதுத் துவக்கைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காவலுக்கு ஆள் வந்துவிட்டது என்று படுக்காதீர்கள். சாதாரணப் பயிற்சி ரவை 250, காவலுக்கு வைக்கப்போகும் அதே ரவை 50, எல்லா ரவைக்கூட்டிலும் மாற்றி மாற்றி. கொப்பியில் எழுதுங்கள்: எந்தக் கூடு, எத்தனையாவது ரவை, என்ன நடந்தது. கடைசி 200 இல் ஒரு தகராறும் இல்லையென்றால் நம்பலாம். இருந்தால் கூட்டை மாற்று, ரவையை மாற்று, எண்ணெய் போடு, இந்த ஒழுங்கில். மூன்றும் செய்து தீராவிட்டால் உற்பத்தியாளருக்கு அனுப்பு.

விசையை அழுத்தி "கிளிக்" மட்டும் கேட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது செக்கன் பொறுங்கள், சில ரவை பிந்தி வெடிக்கும். பிறகு கூட்டின் அடியில் தட்டி, போல்ட்டை இழுத்து விடுங்கள். ஆனால் "டமார்" என்பதற்குப் பதிலாகப் "புசுக்" என்று ஒரு சத்தம் வந்தால், இழுக்கவும் வேண்டாம், அடுத்ததைச் சுடவும் வேண்டாம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் கிழியும். நான் நின்ற காலத்தில் ஒருவர் அந்தச் சத்தத்துக்குப் பிறகும் விசைக்கு விரலைக் கொண்டுபோனார், மணிக்கட்டைப் பிடித்துத்தான் நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தபோது குழலின் நடுவில் செம்பு நிறத்தில் ஒரு பொட்டு.

13. துடைப்பதும் கழுவுவதும்

பளபளவென்று துடைக்கத் தேவையில்லை, ஆனால் காயவிடக் கூடாது. போல்ட் உரசிப் பளபளக்கும் இடங்களில் எல்லாம் ஒவ்வொரு துளி எண்ணெய், குழலுக்குள் ஒருதரம் துணி, போதும். சேம்பருக்குள் எண்ணெய் நிற்க விட வேண்டாம்.

கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சுடுதளத்தில் படிகிற ஈயத் தூசு சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள், அது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உடுப்பை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். றெட் டொட் பற்றரியையும் வேகப் பெட்டிப் பற்றரியையும் வருடத்தில் ஒரே நாளில் மாற்றுங்கள், மருமகனுக்கு நான் தைப்பொங்கல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.